செத்த எலிக்கு ஒரு முகவரிச் சீட்டு

1905-ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாயில் ஒரு விசித்திரமான வேலை தொடங்கியது. ஆட்கள் தினமும் வீடுகளிலும் கிடங்குகளிலும் பொறி வைத்து எலி பிடித்தார்கள். சந்துகளில் செத்துக் கிடந்த எலிகளையும் பொறுக்கினார்கள். ஒவ்வொரு எலியும் எந்தத் தெருவில், எந்த இடத்தில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று குறித்துக்கொண்டு பரேலில் இருந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்து, இதற்குப் பிளேக் இருந்ததா இல்லையா என்று பேரேட்டில் எழுதினார்கள். ஒரே ஆண்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எலிகள் அந்த மேசைகளைக் கடந்து போயின.

மனிதர்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த ஊரில் எலிக்கு எதற்கு முகவரி? இதற்குப் பதில் தெரிந்தால், 'நோயைத் தடமறிதல்' என்று பொதுச் சுகாதாரத்தில் சொல்வது என்ன என்பது முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். ஒரு மருத்துவரிடம் போனால் நம் நாடியைப் பிடித்து, 'இவருக்கு என்ன நோய்?' என்று யோசிப்பார். தடமறிபவர் ஒரு முழு ஊரின் நாடியைப் பிடிக்கிறார். நோய் எங்கே வந்தது, எப்போது வந்தது, யாருக்கு வந்தது என்று மூன்று கேள்விகள் கேட்கிறார். நான்காவதாக ஒன்று உண்டு. அதே ஊரில், அதே தெருவில் இருந்தும் யாருக்கு வரவில்லை? புதிதாகப் படிப்பவர்கள் முதல் மூன்றைப் பிடித்துக்கொண்டு நான்காவதை விட்டுவிடுவார்கள். துப்பு பெரும்பாலும் அந்த நான்காவதில்தான் இருக்கும். பம்பாய் பிளேக்கின் கதை முழுக்க அதற்கு உதாரணம்தான்.

மாண்ட்வியில் நெறி கட்டிய காய்ச்சல்

1896 செப்டம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் அகாசியோ வியேகாஸ் என்ற கோவா மருத்துவர் சில நோயாளிகளைப் பார்த்தார். கடும் காய்ச்சல். அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டியிருந்தது. இது பிளேக் என்று அவர் சொன்னபோது அதிகாரிகளுக்கு அது கேட்க விருப்பமில்லாத சொல்லாக இருந்தது. கப்பல் வாணிகம் நின்றுவிடும் என்ற பயம். ஆனால் சில வாரங்களிலேயே மறைக்க முடியாத நிலை வந்தது. எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த அந்த நகரத்திலிருந்து லட்சக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள்.

மாண்ட்வி தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். இதை ஓரமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேக் கிருமி அப்போதே தெரிந்த ஒன்றுதான். இரண்டு வருடம் முன்பு, 1894-ல், ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சினும் கிட்டாசாட்டோவும் அதைக் கண்டுபிடித்திருந்தார்கள். அங்கே எலிகளும் சாகின்றன என்று எர்சின் கவனித்து எழுதியும் இருந்தார். ஆக, குற்றவாளியின் படம் கையில் இருந்தது. அவன் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறான் என்பதுதான் தெரியவில்லை. அழுக்கு வழியாகவா? காற்று வழியாகவா? நோயாளியின் துணிமணி வழியாகவா? எலி செத்த தரையில் வெறுங்காலோடு நடப்பதாலா? ஆளுக்கொரு கருத்து.

வழி தெரியாத அரசாங்கம் என்ன செய்யும்? கைக்கு எட்டியதையெல்லாம் அடித்தது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. 2020-ல் கொரோனாவின்போது தூசி தட்டி எடுத்தார்களே, அதே சட்டம்தான். வீடு புகுந்து சோதனை, ரயில் நிலையத்தில் ஆண் பெண் எல்லோரையும் நிறுத்திவைத்துச் சோதனை, நோயாளியைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் அடைத்தல், சுண்ணாம்பு அடித்தல், தரையைத் தோண்டுதல், தட்டுமுட்டுச் சாமான்களைக் கொளுத்துதல். பம்பாயின் சாக்கடைகளில் கடல்நீரும் கார்பாலிக் அமிலமும் பாய்ச்சினார்கள். பின்னால் தெரியவந்ததை வைத்து யோசித்தால், இது சாக்கடை எலிகளை வீடுகளை நோக்கித் துரத்துகிற வேலை!

மக்கள் கொதித்தார்கள். 1896 அக்டோபரிலேயே ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். புனேயில் பிளேக் குழுவின் தலைவராக இருந்த ராண்ட் என்ற ஆங்கிலேய அதிகாரியை 1897 ஜூன் 22 இரவு சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். பள்ளிப் பாடத்தில் இதை விடுதலைப் போராட்டத்தின் ஒரு பக்கமாகப் படிக்கிறோம். தடமறிதலின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. நோய் வந்தால் வீட்டையே குலைத்துவிடுவார்கள் என்று தெரிந்தபின் யார் வாய் திறப்பார்கள்? நோயாளியை மச்சில் ஒளித்துவைத்தார்கள். பிணத்தை 'வெறும் காய்ச்சல்' என்று சொல்லி எடுத்துப் போனார்கள். கணக்கேட்டில் பிளேக் குறைந்தது, ஊரில் குறையவில்லை.

இந்தப் பொய்க் கணக்கைத் தாண்ட ஒரு எளிய உபாயம் உண்டு. சாவுக்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, மொத்தம் எத்தனை சாவு என்று மட்டும் எண்ணுவது. வழக்கமாக இந்த வாரத்தில் இந்த ஊரில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று பழைய பதிவுகளில் இருக்கும். அதைக் கழித்தால் மீதி என்ன? அதுதான் மறைக்கப்பட்ட நோயின் நிழல். காரணத்தை மாற்றிச் சொல்லலாம். பிணத்தை எண்ணாமல் சுடுகாட்டையும் இடுகாட்டையும் தாண்ட முடியாது. கொரோனா காலத்தில் 'மிகை மரணம்' என்று செய்தித்தாள்களில் அடிபட்டது இந்தக் கணக்குதான்.

இருபது கூலிகளும் ஒரு கண்ணாடிச் சாடியும்

இப்போது நான்காவது கேள்விக்கு வருவோம். 1897-ல் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அவர் பதிவு செய்த ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கம்பளித் தொழிற்சாலையில் காலையில் வேலைக்கு வந்தவர்கள் தரையெங்கும் எலிகள் செத்துக் கிடப்பதைப் பார்த்தார்கள். இருபது கூலிகளை விட்டு அள்ளச் சொன்னார்கள். மூன்று நாளைக்குள் அவர்களில் பத்துப் பேருக்குப் பிளேக். அதே தொழிற்சாலையில், அதே காற்றைச் சுவாசித்து, எலியைத் தொடாமல் இருந்த மற்ற யாருக்கும் வரவில்லை.

'வரவில்லை' என்பதுதான் இங்கே பேசுகிறது. பத்துப் பேருக்கு நோய் வந்ததை மட்டும் பார்த்தால் காற்று, அழுக்கு, துணி எதையும் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். வராதவர்களைப் பக்கத்தில் நிறுத்தியதும் காற்று விடுதலையாகிவிடுகிறது. எலி மாட்டிக்கொள்கிறது.

சரி, எலியிலிருந்து மனிதனுக்கு எப்படி? சிமோன் இன்னொன்றையும் கவனித்திருந்தார். நோய் தொடங்கிய சிலரின் உடலில் ஒரு சிறு கொப்புளம் இருந்தது, ஏதோ கடித்த இடம்போல. அவர் சந்தேகம் தெள்ளுப்பூச்சியின் மேல் விழுந்தது. நாய், பூனை வளர்ப்பவர்களுக்குத் தெள்ளைத் தெரியும். இறக்கை இல்லை, தாவும், இரத்தம் குடிக்கும். 1898 ஜூன் 2 அன்று கராச்சியில் அவர் ஒரு பெரிய கண்ணாடிச் சாடிக்குள் பிளேக் கண்ட எலி ஒன்றைத் தெள்ளுகளோடு விட்டார். அது சாகும் தறுவாயில் இருந்தபோது, கம்பிவலைக் கூண்டில் ஆரோக்கியமான எலி ஒன்றை அதே சாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது. வலையைத் தாண்டக்கூடியது தெள்ளு மட்டும்தான். சில நாட்களில் இரண்டாவது எலியும் பிளேக்கில் செத்தது.

இவ்வளவு தெளிவான சோதனையை உலகம் கொண்டாடியிருக்கும் என்று நினைப்போம். ஒருவரும் நம்பவில்லை. அரசாங்கம் அமைத்த முதல் பிளேக் ஆணையம் தெள்ளுக் கருத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டது. அதில் ஒரு நியாயமும் இருந்தது என்றே சொல்வேன். மற்றவர்கள் செய்து பார்த்தபோது அதே முடிவு எல்லோருக்கும் கிடைக்கவில்லை. தெள்ளுகளில் பல வகை உண்டு. எந்தத் தெள்ளை வைத்துச் சோதனை செய்கிறோம் என்பதே பலருக்குத் தெரியாது. இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. தெள்ளுகளை வகை பிரித்துப் பெயரிட்டுக்கொண்டிருந்தவர் சார்லஸ் ராத்ஸ்சைல்டு, புகழ்பெற்ற வங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். ஓய்வு நேரத்தில் அவர் சேகரித்தது தெள்ளுப்பூச்சி. சூடானில் கிடைத்த ஒரு எலித் தெள்ளுக்கு அவர் 1903-ல் 'கியோப்பிஸ்' என்று பெயர் வைத்தார், பழங்கால எகிப்தில் பிரமிடு கட்டிய மன்னன் கியோப்ஸின் நினைவாக. பிளேக்கின் வாகனம் அதுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

காவலுக்கு ஒரு கினிப்பன்றி

பம்பாயில் இருந்த கிளென் லிஸ்டன் என்ற ராணுவ மருத்துவர் சிமோன் விட்ட நூலைப் பிடித்தார். 1903-ல் பைகுல்லாவில் உள்ள விக்டோரியா தோட்டத்து மிருகக்காட்சி சாலையில் கினிப்பன்றிகள் பிளேக்கில் செத்தன. அவற்றின் மேல் இருந்தவை எலித் தெள்ளுகள். எலியின் தெள்ளு வேறு பிராணிக்கு மாறுகிறது! அதே சமயத்தில் ஒரு சாலில் எலிகள் சாகத் தொடங்கின. சால் என்றால் பம்பாயில் வரிசை வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட குடியிருப்பு. எலிகள் செத்து முடித்த சில நாளில், அங்கே தெள்ளுக்கடி தாங்கவில்லை என்று குடியிருந்தவர்கள் சொன்னார்கள். அப்புறம் மனிதர்களுக்குப் பிளேக் வந்தது. லிஸ்டன் அந்த மனிதர்களின் மேலிருந்து தெள்ளுகளைப் பிடித்துப் பார்த்தார். வழக்கமாக மனிதர்மேல் எலித் தெள்ளைக் காண்பதே அபூர்வம். அன்றைக்குப் பிடித்ததில் ஏறக்குறைய பாதி எலித் தெள்ளு.

விஷயம் இதுதான். தெள்ளுக்கு எலி என்பது வீடு. எலி செத்து உடல் குளிர்ந்ததும் தெள்ளு வீட்டைக் காலி செய்கிறது. முதலில் வேறு எலியைத் தேடும். எல்லா எலிகளும் செத்துவிட்டால்? பசியில் எது கிடைக்கிறதோ அதன்மேல் ஏறும்.

லிஸ்டன் இதையே ஒரு கருவியாக்கினார். பிளேக் வந்த வீட்டுக்குள் ஒரு கினிப்பன்றியை விட்டுவைத்தார். அது எலியைப்போல் ஓடி ஒளியாது, சாதுவாக உட்கார்ந்திருக்கும். வீட்டில் பட்டினியாகத் திரியும் தெள்ளுகளெல்லாம் அதன்மேல் வந்து சேரும். பிறகு எடுத்துப் பார்த்தால் எத்தனை தெள்ளு, என்ன வகை, கினிப்பன்றிக்கு நோய் தொற்றியதா என்று எல்லாம் தெரிந்துவிடும். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விஷவாயு தெரிய கூண்டுப் பறவையைக் கொண்டுபோவார்களே, கிட்டத்தட்ட அதேதான். இப்படிக் காவலுக்கு நிறுத்தும் உயிர்களை இன்றும் நோய்க் கண்காணிப்பில் பயன்படுத்துகிறார்கள். சில நாடுகளில் கொசு பரப்பும் நோய்களுக்காகக் கோழிகளை இப்படிக் கூண்டில் வைத்து, அவ்வப்போது இரத்தம் எடுத்துப் பார்ப்பதுண்டு.

1905-ல் லண்டனின் ராயல் சொசைட்டி, லிஸ்டர் நிறுவனம், இந்திய விவகார அமைச்சர் அலுவலகம் மூன்றும் சேர்ந்து ஒரு புதிய ஆய்வுக் குழுவைப் பம்பாய்க்கு அனுப்பின. பிளேக் தடுப்பூசி கண்ட ஹாஃப்கினின் பரேல் ஆய்வுக்கூடம்தான் அவர்களின் களம். (இன்று அது ஹாஃப்கின் நிறுவனம்.) லிஸ்டனும் அதில் சேர்ந்தார். இவர்கள் செய்த வேலையைப் படிக்கும்போது, ஒவ்வொரு சந்தேகக்காரனையும் தனித்தனி அறையில் வைத்து விசாரிக்கும் போலீஸ்காரரின் பொறுமைதான் நினைவுக்கு வருகிறது.

சிறு குடிசைகள் கட்டினார்கள். சிலவற்றின் கூரை எலி குடியேற வசதியான நாட்டு ஓடு, சிலவற்றில் எலி நுழைய இடுக்கே இல்லாத கூரை. கூரைக்கடியில் கம்பிவலை. எலி கீழே வர முடியாது, தெள்ளு விழலாம். தரையில் கினிப்பன்றிகள், நோயுற்றவையும் ஆரோக்கியமானவையும் கலந்து. தெள்ளு இருந்த குடிசையில் நோய் பரவியது. தெள்ளு இல்லாத குடிசையில், நோயுற்றவற்றோடு ஒட்டி உரசி, அவற்றின் மூத்திரத்திலும் புழுக்கையிலும் புரண்டும் பரவவில்லை. நோயுற்ற தாயிடம் பால் குடித்த குட்டிகளுக்குக்கூட வரவில்லை. அழுக்கு விடுதலை.

தெள்ளு இருந்த குடிசையிலேயே ஒரு கூண்டைத் தரையிலும் இன்னொன்றை இரண்டடி உயரத்திலும் வைத்தார்கள். தரைக் கூண்டில் இருந்ததற்கு நோய் வந்தது. மேலே தொங்கியது பிழைத்தது. தெள்ளு சில அங்குலம்தான் தாவும். காற்றில் கிருமி இருந்தால் இரண்டடி என்ன கணக்கு? காற்றும் விடுதலை. இன்னொரு கூண்டைச் சுற்றி அகலமாகப் பசைத்தாள் விரித்தார்கள். நோய் உள்ளே போகவில்லை. தெள்ளுகள் பசையில் ஒட்டிக் கிடந்தன. பிளேக் வந்த வீடுகளுக்குள் மென்வலை போர்த்திய கூண்டையும் போர்த்தாத கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பார்த்தார்கள். அங்கும் அதே முடிவு. ஒவ்வொரு சோதனையிலும் ஒரேயொரு விஷயத்தை மட்டும் மாற்றி மற்றதையெல்லாம் அப்படியே வைப்பதுதான் இதன் சூட்சுமம். நான்காவது கேள்வியை அவர்கள் கையாலேயே கட்டி நிறுத்தினார்கள் என்றும் சொல்லலாம்.

பாவம், அந்தக் கினிப்பன்றிகள். அதையும் சொல்லிவிடவேண்டும்.

பேரேடு என்ன சொன்னது

இப்போது எலியின் முகவரிச் சீட்டுக்குத் திரும்புவோம்.

பம்பாயில் முக்கியமாக இரண்டு வகை எலிகள். ஒன்று பெரிய, பழுப்பு நிறச் சாக்கடை எலி. சாக்கடையிலும் கிடங்கின் அடியிலும் வளை தோண்டி வாழும். இன்னொன்று சிறிய, கருத்த வீட்டெலி. உத்தரத்திலும் ஓட்டிடுக்கிலும் பழந்துணி மூட்டையிலும் மனிதரோடு மனிதராக வாழும். குழு இரண்டையும் தனித்தனியாக எண்ணியது. பிறகு வாரவாரியாகக் கோடு போட்டுப் பார்த்தபோது மூன்று மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. முதலில் சாக்கடை எலிகளிடையே பிளேக் ஏறுகிறது. ஏறத்தாழ 10 நாள் கழித்து வீட்டெலிகளிடையே ஏறுகிறது. அதன்பின் 10 முதல் 14 நாளில் மனிதச் சாவு ஏறுகிறது. வரைபடத்தில் குறித்தாலும் எலி செத்த தெருக்களைத்தான் மனிதச் சாவுகள் பின்தொடர்ந்தன.

அந்தப் 10-14 நாளை அவர்கள் பிரித்தும் காட்டினார்கள். எலி செத்தபின் தெள்ளு பசியெடுத்து மனிதரிடம் வர மூன்று நாள். கடித்தபின் காய்ச்சல் தொடங்க மூன்று நாள். காய்ச்சலிலிருந்து சாவு வரை ஐந்தாறு நாள். கூட்டினால் கணக்கு சரியாக விழுகிறது. காலவரிசையும் உயிரியலும் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னால்தான் தடமறிபவருக்கு நிம்மதி. வெறும் வரிசையை மட்டும் நம்பினால், கோழி கூவியதால்தான் விடிந்தது என்று முடிவு கட்டிவிடுவோம்.

இதன் நடைமுறைப் பயனைப் பாருங்கள். மனிதச் சாவை எண்ணி நோயைக் கண்டுபிடித்தால், நீங்கள் பார்ப்பது இரண்டு மூன்று வாரம் பழைய செய்தி. எலியை எண்ணினால் அந்த இரண்டு வாரம் உங்கள் கையில். மனிதரை எண்ணும்போது ஒளிக்கிறார்கள், பொய் சொல்கிறார்கள். எலிக்கு ஒளிக்க ஒன்றுமில்லை, அதன் உறவினர் ஆஸ்பத்திரியைத் தாக்கப் போவதுமில்லை.

உண்மையில் இது மக்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. குமாவுன், கட்வால் மலைக்கிராமங்களில் வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரைக் காலி செய்துவிடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருக்கிறது. நம் கொங்கு நாட்டிலும் பிளேக் காலத்தில் ஊரைவிட்டுக் காட்டுக்குள் சாளை போட்டுத் தங்கிய கதைகளைப் பெரியவர்கள் சொல்வார்கள். கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே இருக்கிறது. சாளைக்குப் போனால் எலியும் தெள்ளும் பின்னால் வருவதில்லை. காரணம் தெரியாமலே சரியான காரியம்.

பேரேட்டில் ஒரு நுட்பம் உண்டு, புதிதாகப் படிப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. இந்த வாரம் 50 பிளேக் எலிகள், போன வாரம் 25 என்றால் நோய் இரட்டிப்பாகிவிட்டதா? அவசரப்படக்கூடாது. போன வாரம் 500 எலி பிடித்திருந்து இந்த வாரம் 1,000 பிடித்திருந்தால் விகிதம் மாறவே இல்லை. பொறி கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே எத்தனை எலிக்கு நோய் என்பதோடு எத்தனை எலியை அறுத்துப் பார்த்தோம் என்பதையும் எழுதி, ஒன்றை மற்றதால் வகுக்கவேண்டும். (இந்த 50, 25 எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள்.) பரேலில் நோயில்லாத எலிகளையும் விடாமல் எழுதிவைத்தது இதற்காகத்தான். கொரோனாவில் 'நேர்மறை விகிதம்' என்று தினமும் சொன்னார்களே, அதன் தாத்தா இந்த எலிக் கணக்கு.

எல்லாவற்றையும் சேர்த்துக் குழு சொன்ன முடிவு, சுண்ணாம்பு வாளிகளோடு அலைந்தவர்களுக்குக் கசப்பாகத்தான் இருந்திருக்கும். அசுத்தத்துக்கும் பிளேக்குக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அசுத்தம் எலிக்கு இடம் கொடுக்கிற அளவுக்கு மட்டுமே தொடர்பு. அப்படியானால் 1897-ல் கொளுத்திய பாயும் தோண்டிய தரையும்? பெரும்பகுதி வீண். இந்த உண்மை தெரிந்ததும் சாவு நின்றுவிடவும் இல்லை. ஆய்வு நடந்துகொண்டிருந்த 1907-ல் மட்டும் இந்தியாவில் 13 லட்சம் பேர் பிளேக்கில் இறந்தார்கள். 1930-கள் வரையிலான மொத்தம் ஒரு கோடியைத் தாண்டும். தடம் தெரிவது ஒன்று. நாடு முழுவதும் எலியை விரட்டப் பணமும் ஆளும் ஒதுக்குவது வேறொன்று.

தெள்ளின் தொண்டையில் என்ன நடக்கிறது என்பது 1914-ல் தெளிவானது. பேக்கட், மார்ட்டின் என்ற இருவர் அதைக் காட்டினார்கள். கிருமி தெள்ளின் இரைப்பைக்கு முன்னாலேயே பெருகி, கட்டியாகி, வழியை அடைத்துவிடுகிறது. தெள்ளு உறிஞ்சுகிறது, இரத்தம் உள்ளே போகவில்லை, பசி தீரவில்லை. மறுபடி மறுபடி கடிக்கிறது. அடைத்த இரத்தம் கிருமியோடு கடிவாயில் திரும்பக் கக்கப்படுகிறது. அதுதான் தொற்று.

மதராஸ் ஏன் தப்பியது?

தமிழ்நாட்டு வாசகர் இந்நேரம் கேட்டிருக்கவேண்டிய கேள்வி இது. மதராஸ் பெரிய துறைமுகம். தானியக் கிடங்குகளுக்கும் எலிகளுக்கும் பஞ்சமில்லை. பம்பாயிலிருந்து தினமும் ரயில் வந்தது. ஆனால் பம்பாயைச் சூறையாடிய பிளேக் மதராஸ் நகரத்தில் வேரூன்றவே இல்லை. அதே மாகாணத்தில் கோவை, சேலம் பக்கமும் பின்னாளில் கம்பம் பள்ளத்தாக்கிலும் அது நன்றாகவே உட்கார்ந்துகொண்டது.

துப்பு கொழும்பிலிருந்து வந்தது. அந்த நகராட்சியின் நுண்ணுயிரியலாளர் ஃபேபியன் ஹர்ஸ்ட் அங்குள்ள எலித் தெள்ளுகளை உருப்பெருக்கியில் வைத்து உற்றுப் பார்த்தார். எல்லோரும் 'கியோப்பிஸ்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே இனம் அல்ல. அதோடு அச்சு அசலாக ஒத்திருக்கும் இன்னொரு இனம் உண்டு. 'ஆஸ்டியா' என்று 1911-ல்தான் ராத்ஸ்சைல்டு அதைப் பிரித்துப் பெயரிட்டிருந்தார். கொழும்பு எலிகளின்மேல் பெரும்பாலும் இருந்தது ஆஸ்டியாதான். மதராஸிலும் அப்படியே. ஆஸ்டியாவுக்கு மனிதரைக் கடிப்பதில் அவ்வளவு நாட்டமில்லை, பிளேக்கைக் கடத்துவதிலும் அது மட்டமான வாகனம். 1914-ல் கொழும்புக்குப் பிளேக் வந்தபோது அது கிடங்குகளை ஒட்டித்தான் சுற்றியது. தானிய மூட்டைகளோடு கியோப்பிஸும் அங்கே வந்து இறங்கியிருந்தது. மாண்ட்வியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா?

ஆக, மதராஸைக் காப்பாற்றியது சுகாதார இலாகாவின் திறமை என்று சொல்லிக்கொள்வது கஷ்டம். பெரும்பாலும் ஒரு தெள்ளின் உணவு விருப்பம்தான்! இதற்கிடையே இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை ராமேசுவரத்துக்கு முன்னால் மண்டபத்தில் நாட்கணக்கில் நிறுத்திவைத்துக் கண்காணித்தார்கள். பிளேக், காலரா, அம்மை எல்லாவற்றுக்கும் அந்தக் கண்காணிப்பு. அந்த முகாமின் பெயரில் 'மண்டபம் கேம்ப்' என்ற ரயில் நிலையம் இன்றும் இருக்கிறது. நெறி கட்டிய பிளேக்கைப் பொறுத்தவரை, மனிதரை நிறுத்திவைத்ததைவிட அரிசி மூட்டைகளை உதறிப் பார்த்திருந்தால் பலன் கூடுதலாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அதன்பின் எண்ணவேண்டியது இன்னும் ஒரு படி சிறியதானது. மனிதரிலிருந்து எலிக்கு, எலியிலிருந்து தெள்ளுக்கு. பிடித்த எலிகளைச் சீப்பால் வாரி, ஒரு எலிக்குச் சராசரி எத்தனை கியோப்பிஸ் என்று கணக்கிட்டார்கள். இதற்குத் தெள்ளுச் சுட்டெண் என்று பெயர். அது ஒன்றைத் தாண்டினால் கவனம் தேவை என்பது பழைய விதி. எலி சாகத் தொடங்கும் முன்பே, இந்த ஊரில் பிளேக் வந்தால் பிடித்துக்கொள்ளுமா என்பதை இந்த எண் ஓரளவு சொல்லிவிடும்.

1926-ல் உலக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட சுகாதார உடன்படிக்கையில் கப்பல்களுக்கு எலி ஒழிப்புச் சான்றிதழ் கட்டாயமானது. அந்தச் சான்றிதழ் இப்போது வேறு பெயரில், வேறு பல சோதனைகளையும் சேர்த்துக்கொண்டு தொடர்கிறது. தூத்துக்குடியிலோ சென்னையிலோ கரையில் கட்டியிருக்கும் சரக்குக் கப்பலைப் பார்க்க வாய்த்தால், அதன் வடக்கயிறுகளைக் கவனியுங்கள். நடுவில் வட்டமான தகரத் தட்டுகள் மாட்டியிருக்கலாம். கயிற்றின்மேல் நடந்து வரும் எலி அந்தத் தட்டைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போகும்.